கப்பல் வந்தும் கரை சிக்கவில்லை

1782 ஜூலை 6ஆம் தேதி பொழுது சாயும் நேரத்தில் காரைக்காலுக்கு எதிரே கடலில் பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள் ஒவ்வொன்றாக நங்கூரம் இறக்கின. நாகப்பட்டினத்தைப் பிடித்துவிடும் நினைப்போடு வந்த கப்பல்கள் அவை. அன்றைய கடற்சண்டையில் ஒரே நாளில் அவற்றில் 178 பேர் இறந்திருந்தார்கள், 601 பேர் காயம்பட்டுக் கிடந்தார்கள். தெற்கே சில மைல் தூரத்தில், நாகூருக்கும் நாகப்பட்டினத்துக்கும் நடுவில், எட்வர்ட் ஹியூஸின் ஆங்கிலேயக் கப்பல்களும் பாய் கிழிந்து நின்றன. அங்கே 77 சாவு, 233 காயம். கரையில் ஒரு பிரெஞ்சுச் சிப்பாயின் கால்கூடப் படவில்லை. நாகப்பட்டினத்தில் இறக்குவதற்காக ஏற்றிவந்த துருப்புகளைத் திரும்பக் கடலூருக்கே கொண்டுபோனார் படைத்தலைவர் சுஃப்ரேன்.

அவர் லேசுப்பட்டவர் இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தேர்ந்த கடற்படைத் தலைவர்களில் ஒருவர். புதுச்சேரியில் இன்றும் அவர் பெயரில் ஒரு வீதி இருக்கிறது. அப்படிப்பட்டவர் ஏன் வெறுங்கையோடு திரும்பினார் என்பதற்கு ஐரோப்பியர் எழுதிய பதில்கள் நிறைய உண்டு. சில கப்பல் தலைவர்கள் காலை வாரிவிட்டார்கள் என்பது ஒன்று. காற்று திரும்பிவிட்டது என்பது இன்னொன்று. ஹியூஸின் விடாப்பிடி என்பது ஆங்கிலேயருக்குப் பிடித்த பதில். மூன்றிலும் உண்மை இருக்கிறது. மூன்றுமே அந்த ஒருநாள் சண்டைக்குள்ளேயே சுற்றிவருகின்றன. கேள்வியைக் கொஞ்சம் அகலமாகப் போட்டால் வேறு ஒன்று தெரிகிறது. கொள்ளிடத்து முகத்துவாரம் தொடங்கி நாகப்பட்டினம் வரை எழுபது கிலோமீட்டருக்குள் அடங்கும் இந்தக் கரைக்கு 1738 முதல் 1782 வரை படைக்கப்பல்கள் மறுபடி மறுபடி வந்தன. கடல் பலத்தை மட்டும் நம்பி வந்தவர் யாரும் ஒரு கோட்டையையும் பிடிக்கவில்லை. ஊர் கைமாறிய ஒவ்வொரு தடவையும் தரையில் ஒரு படை நின்றிருந்தது, அல்லது ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாகியிருந்தது.

முதலில் கரையைப் பார்க்க வேண்டும். துறைமுகம் என்றதும் நாம் நினைப்பது வளைகுடாவும் ஆழமான நீரும். காரைக்காலில் அன்றைக்கு அவை இரண்டும் இல்லை. காவிரியின் கிளையான அரசலாறு கடலில் கலக்கும் இடத்தில் மணல்திட்டு அடைத்துக்கொள்ளும்; சிறு தோணிகள் நுழையும், போர்க்கப்பல் நுழையாது. கப்பல்கள் திறந்த கடலில் கரையை விட்டு மைல் கணக்கில் தள்ளித்தான் நிற்கும். அங்கிருந்து ஆளையோ மூட்டையையோ கரைக்குக் கொண்டுவர வேண்டுமானால் அடுத்தடுத்து மடங்கி விழும் அலைகளைத் தாண்ட வேண்டும். ஐரோப்பியக் கப்பல்களோடு வரும் படகுகள் ஆணி அடித்த கெட்டிப் பலகைப் படகுகள். மணலில் மோதினால் பிளந்துவிடும். அதைத் தாண்டத் தெரிந்தது நம் கரையின் மசூலாப் படகுக்குத்தான். பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருப்பார்கள். உள்ளே சட்டம் கிடையாது, ஆணி கிடையாது. அலை அடித்தால் படகின் உடம்பே நெளிந்து கொடுக்கும். சலங்கு என்றும் சொன்ன இந்த வகைப் படகுகளையும், கூடவே கட்டுமரங்களையும், ஓட்டிய கடலோர மக்கள் வரமாட்டோம் என்று உட்கார்ந்துவிட்டால் உலகத்தின் எந்த அரசனுடைய கப்பற்படையும் கடலிலேயே நிற்க வேண்டியதுதான்.

கரை தட்டை. ஒரு குன்று கிடையாது. மாலுமிகள் இடம் கண்டுபிடித்தது கோபுரங்களையும் மினாராக்களையும் பார்த்துத்தான். நாகூர் தர்காவில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங் கட்டிக்கொடுத்த பெரிய மினாரா 131 அடி உயரம். நாகப்பட்டினத்தில் பழைய பௌத்த விகாரத்தின் செங்கல் கோபுரம் அப்போது நின்றுகொண்டிருந்தது; 1867இல்தான் அதை இடித்தார்கள். சீனக் கோபுரம் என்று கடற்படங்களில் குறித்துக்கொண்டு கப்பலோட்டிகள் அதை வைத்துத் திசை பிடித்தார்கள். அடைக்கலம் தரும் துறைமுகம் இந்தக் கரையில் வேண்டுமென்றால் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைத்தடுப்பு கட்டியாக வேண்டும். காரைக்கால் பகுதியில் அது நடந்தது 2009இல், நாகூரை ஒட்டினாற்போல் இருக்கும் கீழவாஞ்சூரில்.

இனி காலம். ஐப்பசி பிறந்தால் வடகிழக்குப் பருவம். அக்டோபர் நடுவில் கப்பல்கள் இந்தக் கரையை விட்டுப் போயாக வேண்டும்: ஆங்கிலேயர் பம்பாய்க்கு, பிரெஞ்சுக்காரர் மொரீஷியஸுக்கு. போகாமல் நின்றால் என்ன ஆகும் என்பதற்கு 1746 சாட்சி. செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனே அக்டோபர் நடுவிலும் அங்கேயே நின்றார். ஒரே புயலில் அவருடைய கப்பல்கள் பல மூழ்கின, மிச்சம் பாய்மரம் முறிந்து மிதந்தன. சென்னை பிடிபட்ட கதையை என் வாதத்துக்கு எதிராகச் சிலர் நீட்டலாம். அங்கே அவர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஐரோப்பியச் சிப்பாய்களைக் கரையிறக்கிப் பீரங்கி நாட்டித்தான் கோட்டையைப் பணியவைத்தார். தடுக்க வேண்டிய ஆங்கிலேயக் கப்பற்படை ஜூலையில் நாகப்பட்டினத்துக்கு எதிரே அரைகுறைச் சண்டை போட்டுவிட்டு வங்காளம் பக்கம் ஒதுங்கியிருந்தது. சண்டைக்காரன் இல்லாத கடலும் கரையிறங்கிய படையும் சேர்ந்தபோது ஊர் விழுந்தது.

காரைக்காலின் பிரெஞ்சுக் கதையே கரையிறங்காத ஒரு படையெடுப்பில்தான் தொடங்குகிறது. தஞ்சை அரியணையில் அப்போது ஆண்டுக்கு ஒருவர் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். துரத்தப்பட்ட மன்னர் சாகுஜி கொள்ளிடத்துக்கு வடக்கே ஒதுங்கி நின்று, புதுச்சேரி கவர்னர் துய்மாவிடம் பணமும் ஆயுதமும் கேட்டார். விலையாகக் காரைக்காலையும் காரைக்கால்சேரி கோட்டையையும் சில கிராமங்களையும் தருவதாகச் சொன்னார். 1738 ஆகஸ்டில் துய்மா பூர்போன், சேன் ழெரான் என்ற இரண்டு கப்பல்களைத் துருப்போடு அனுப்பினார். அதற்குள் சாகுஜி அரியணையில் ஏறிவிட்டார். ஏறியதும் பேச்சு மாறியது. நாகப்பட்டினத்து டச்சுக்காரர்கள் பிரெஞ்சுக்காரரைப் பக்கத்தில் விடாதே என்று ஓதிக்கொண்டிருந்தார்கள். இறங்கினால் தடுப்போம் என்று கரையில் தஞ்சைப் படை நின்றது. இரண்டு கப்பல்களும் பார்த்துவிட்டுத் திரும்பின. (இந்த சேன் ழெரான்தான் 1744இல் மொரீஷியஸ் கரையில் உடைந்து, பின்னாளில் ‘போலும் விர்ஜினியும்’ என்ற பிரெஞ்சு நாவலுக்குள் புகுந்தது. காரைக்கால் கரைக்கு வந்து திரும்பிய கப்பல் என்று அந்த நாவலைப் படிப்பவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?)

கப்பலால் ஆகாததைச் சந்தா சாகிப் செய்து முடித்தார். திருச்சியைக் கையில் வைத்திருந்த அவருக்குத் தஞ்சை மேல் ஒரு கண். அவர் படை நிலவழியாக வந்து காரைக்காலைப் பிடித்தது; 1739 பிப்ரவரி 14 அன்று ஊர் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைக்கப்பட்டது. 1750 ஜனவரியில் பிரதாப சிங்கோடு செய்த உடன்படிக்கையில் 81 கிராமங்கள் கூடச் சேர்ந்தன. இன்றைய காரைக்கால் மாவட்டத்தின் வடிவம் அடிப்படையில் அந்தப் பத்திரங்கள் போட்டது.

அதே சாகுஜி மறுபடி அரியணை இழந்து 1749இல் ஆங்கிலேயரிடம் போனார். இந்தத் தடவை அவர் காட்டியது கொள்ளிடத்து முகத்துவாரத்தில் இருந்த தேவிக்கோட்டையை. ஏப்ரலில் கேப்டன் கோப் தலைமையில் ஒரு படை கடலூர்ப் பக்கமிருந்து நிலவழியாகக் கிளம்பியது. பெரிய பீரங்கிகளும் தீனியும் கப்பலில் வந்தன. சித்திரையில் யாரும் எதிர்பார்க்காத புயல் அடித்தது. தளபதி போஸ்கவனின் கொடிக்கப்பல் நமூர் ஐநூறுக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. பெம்புரோக் முந்நூறுக்கும் மேற்பட்டவர்களோடு போனது. தப்பிய படை தேவிக்கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தபோது கடலில் கப்பலைக் காணோம். உண்மையில் கப்பல்கள் சில மைல் தூரத்தில் முகத்துவாரத்துக்கு வெளியே நின்றன. கரையில் இருந்தவர்களுக்கு அது தெரியவில்லை, கப்பலில் இருந்தவர்களுக்குப் படை வந்தது தெரியவில்லை. கோட்டைக்குள் குண்டு வீசிப் பார்த்துவிட்டுக் கோப் திரும்பினார்.

ஜூனில் மேஜர் லாரன்ஸ் மறுபடி வந்தார். இம்முறை கடலோரத்தில் நிற்காமல் படகுகளில் ஆற்றுக்குள்ளேயே நுழைந்தார்கள். கோட்டை எதிர்க்கரையில். ஜான் மூர் என்ற கப்பல் தச்சன் 400 பேர் ஏறக்கூடிய ஒரு தெப்பம் கட்டினான். இரவில் நீந்திப் போய் அக்கரை மரம் ஒன்றில் கயிற்றைக் கட்டிவிட்டு வந்தான். கயிற்றை இழுத்து இழுத்துப் படை ஆற்றைக் கடந்தது. லெப்டினன்ட் ராபர்ட் கிளைவ் முன்னணியில் போய், கூட வந்தவர்களில் பெரும்பாலோரைத் தஞ்சைக் குதிரைப்படையிடம் பறிகொடுத்து, தான் மட்டும் மயிரிழையில் பிழைத்தது இங்கேதான். கோட்டை விழுந்தது. ஏப்ரலில் கடலில் நின்ற பெரும் போர்க்கப்பல்களால் ஆகாதது ஜூனில் ஒரு தச்சனின் தெப்பத்தாலும் ஒரு முழக் கயிற்றாலும் ஆனது என்று சொன்னால் அதிகப்படி இல்லை. சாகுஜிக்குக் கிடைத்தது? கோட்டை கைக்கு வந்ததும் ஆங்கிலேயர் பிரதாப சிங்கோடு சமாதானம் பேசி, சாகுஜிக்கு ஒரு ஜீவனாம்சம் வைத்து ஓரங்கட்டினார்கள்.

எனக்கு இந்த வரிசையில் மிகவும் சுவையானது 1758. அந்த ஆண்டு கப்பல்கள் காரைக்காலைத் தொடவில்லை, ஆனால் காரைக்காலுக்கு எதிரே நின்றே தஞ்சாவூரைக் காப்பாற்றின. ஏப்ரல் 28 அன்று புதுச்சேரியில் இறங்கிய பிரெஞ்சுத் தளபதி லாலி, ஜூன் தொடக்கத்தில் கடலூர் அருகே செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தார். அடுத்து சென்னை போகக் கையில் காசில்லை. பிரதாப சிங்கிடம் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய கடன் பத்திரம் ஒன்று பாக்கி இருந்ததால் அதை வசூலிக்கத் தஞ்சைக்குப் புறப்பட்டார். வழியில் சோறு கிடைக்கும் என்று யாரோ சொன்னதை நம்பி ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. தேவிக்கோட்டையில் படைக்குக் கிடைத்தது உமி நீக்காத நெல். குத்த உலக்கையும் இல்லை, குத்தித்தர ஆளும் இல்லை, ஊர் காலியாகியிருந்தது. நெற்களஞ்சியத்தின் வாசலில் நின்று பட்டினி கிடந்த படை அது. காரைக்காலுக்கு வந்தபோதும் சேமிப்பு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

பசித்த படை என்ன செய்யுமோ அதைச் செய்தது. நாகூர் வணிகர்களின் சரக்கைக் கொள்ளையடிக்கும் உரிமையைத் தன் குதிரைப்படை அதிகாரி ஒருவருக்கே விலைபேசி விற்றார் லாலி. கீழ்வேளூர்க் கோவிலில் புதையல் தேடித் தோண்டினார்கள்; கோவிலைச் சுற்றி வந்த பிராமணர்களை ஒற்றர்கள் என்று சொல்லிப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டார்கள். இதற்குப் பிறகு டெல்டாவில் லாலிக்கு ஒரு வண்டி மாடு கொடுக்க யார் வருவார்கள்? தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டபோது வெடிமருந்தும் குறைவு, சோறும் குறைவு.

ஆகஸ்ட் 3 அன்று கடலில் போகாக்கின் ஆங்கிலேயக் கப்பற்படையும் தஷேயின் பிரெஞ்சுக் கப்பற்படையும் மோதின. தஷே அடிபட்டுப் புதுச்சேரிக்குப் போனார். போகாக் அன்று மாலையே காரைக்காலுக்கு எதிரே நங்கூரம் இட்டார். அவரிடம் கரையிறக்கத் தரைப்படை இல்லை, ஊரைத் தாக்கவும் இல்லை. ஆனால் காரைக்கால்தான் லாலிக்கு மிச்சமிருந்த ஒரே கடல்வாசல். செய்தி தஞ்சைக்கு எட்டியதும் ஆகஸ்ட் 10 அன்று முற்றுகையைக் கைவிட்டார். தஞ்சைக் குதிரைகள் துரத்த, குடிக்கத் தண்ணீர் இல்லாமல் நடந்து, 18ஆம் தேதி காரைக்கால் வந்து சேர்ந்தபோது ஆற்று வாயிலுக்கு எதிரே ஆங்கிலேயக் கப்பல்கள் அப்படியே நின்றன. இந்தக் கரையில் கப்பற்படையால் என்ன முடியும் என்பதற்கு இதைவிடத் துல்லியமான கணக்கு எனக்குக் கிடைக்கவில்லை. ஊரை எடுக்க முடியாது. ஊரில் இருப்பவனைத் தங்கவிடாமல் செய்ய முடியும்.

காரைக்கால் விழுந்தது இரண்டு ஆண்டு கழித்து. 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் லாலி தோற்றார். தரையில் பிரெஞ்சுப் பலம் உடைந்த பிறகுதான் கார்னிஷின் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்தன. மேஜர் மான்சனின் துருப்புகள் கரையிறங்கின, திருச்சிப் பக்கமிருந்தும் ஒரு படை வந்து சேர்ந்தது. 1757இல் சந்திரநாகூரைக் கொடுத்த ரெனோ த சேன் ழெர்மேன்தான் இங்கேயும் தலைவர். ஏப்ரல் 5 அன்று சரணடைந்தார். 1781 அக்டோபர் 21 அன்று ஆங்கிலேயர் நாகூரில் இறங்கி டச்சுக்காரரின் நாகப்பட்டினத்தை முற்றுகையிட்டதும் இதே அச்சு: தஞ்சை அவர்கள் கையில், ஆங்கிலேயத் தளபதி மன்ரோவின் படை தரையில், கடலில் எதிரி இல்லை. உள்ளே இருந்தவர்கள் எண்ணிக்கையில் முற்றுகையிட்டவர்களைவிட அதிகம். மைசூரின் ஹைதர் அலி அனுப்பிய ஆட்களும் அவர்களில் உண்டு. அப்படியும் நவம்பர் 12 அன்று கோட்டை பணிந்தது. மழைக்காலத்தில் இறங்கியதற்கான தண்டனை மட்டும் தப்பவில்லை. கடல் கொந்தளித்ததால் கரைக்கு வந்த மாலுமிகளை மறுபடி ஏற்ற ஹியூஸ் வாரக்கணக்கில் காத்திருந்தார்.

இப்போது 1782க்குத் திரும்பலாம். சுஃப்ரேன் பிப்ரவரியில் பரங்கிப்பேட்டையில் படையை இறக்கினார். அதே மாதம் கொள்ளிடக் கரையில் அன்னக்குடியில் திப்பு ஆங்கிலேயத் தளபதி பிரெய்த்வெயிட்டின் படையை முழுசாகப் பிடித்தார். ஏப்ரலில் கடலூர் விழுந்தது. ஆங்கிலேயருக்கு டெல்டாவில் எஞ்சியவை தஞ்சைக் கோட்டையும் நாகப்பட்டினமும். நாகப்பட்டினம் கிடைத்தால் நெல் கிடைக்கும், இலங்கைக்குப் பாலம் கிடைக்கும். திட்டம் தப்பில்லை. தரங்கம்பாடியில் டேனியர்களிடம் தீனி பிடித்து, கடலூரில் துருப்பு ஏற்றி, ஜூலை 3 அன்று கிளம்பினார். ஹியூஸ் திருகோணமலையிலிருந்து வந்து பத்து நாளாக நாகப்பட்டினத்துக்கு எதிரே நின்றுகொண்டிருந்தார்.

ஐந்தாம் தேதி பிற்பகலில் சுஃப்ரேனின் பன்னிரண்டு போர்க்கப்பல்கள் நாகப்பட்டினத்தை நெருங்கியபோது ஒரு சூறை அடித்து அழாக்ஸ் கப்பலின் பாய்மரங்களை முறித்தது. மறுநாள் பதினொன்றுக்குப் பதினொன்று. காலையில் மேற்குக் காற்று. கரைப்பக்கம் இருந்த ஹியூஸுக்குச் சாதகம். பதினொரு மணிவாக்கில் பீரங்கிச் சண்டை தொடங்கியது. ஒரு மணிக்குச் சற்று முன்னால் தென்கிழக்கிலிருந்து கடல்காற்று திடீரென்று எழுந்தது. இரண்டு வரிசைகளும் குலைந்தன. சில கப்பல்கள் இந்தப் பக்கம் திரும்பின, சில அந்தப் பக்கம். அந்தக் குழப்பத்தில்தான் செவேர் கப்பலின் தலைவர் சில்லார் கொடியை இறக்கினார். அவருடைய அதிகாரிகள் ஒப்பவில்லை. சுடுவதை நிறுத்தாமல் கப்பலை மீட்டுக்கொண்டு போனார்கள். சண்டை ஓய்ந்ததும் ஹியூஸ் ஒரு தலைவரை அனுப்பி, சரணடைந்த கப்பலைக் கொடு என்று கேட்டார். கயிறு அறுந்து கொடி விழுந்தது, யாரும் சரணடையவில்லை என்று சொல்லி அனுப்பினார் சுஃப்ரேன். பிறகு சில்லார் உட்படச் சிலரைப் பதவி நீக்கி ஊருக்கு அனுப்பினார்.

காற்று திரும்பியதைச் சரித்திர நூல்கள் ஏதோ விதி குறுக்கிட்டது போல எழுதுகின்றன. காரைக்கால் மேட்டிலோ கிளிஞ்சல்மேட்டிலோ போய் ஒரு மீனவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். ஆனி, ஆடியில் காலையில் கச்சான் என்னும் மேற்குக் காற்று, உச்சிக்கு மேல் கடல்காற்று. அது இந்தக் கரையின் தினசரி நடப்பு. விடியலுக்கு முன் நிலக்காற்றில் பாய் விரித்துப் போய், மதியத்துக்கு மேல் கடல்காற்றில் திரும்பி வருவது கட்டுமரக்காரர்களின் தொழில் நேரம். அன்றைக்கு நடந்தது விபத்து இல்லை. ஒரு நாள் முழுக்கச் சண்டை போட்டால் நடுவில் காற்று மாறத்தான் செய்யும் என்ற சாதாரணச் செய்தியை இரண்டு தளபதிகளும் தங்கள் திட்டத்தில் சேர்க்கவில்லை, அல்லது சேர்த்தும் பயனில்லை.

கோழைத் தலைவர்கள் என்ற விளக்கத்தையும் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. செவேர் நன்றாகவே போரிட்டிருந்தாலும், ஹியூஸின் இரண்டு கப்பல்கள் பிடிபட்டிருந்தாலும், மிச்சம் ஒன்பது நாகப்பட்டினத்துக் கோட்டைப் பீரங்கிகளின் நிழலில் நின்றிருக்கும். அவற்றின் கண்ணெதிரே படகு படகாக ஆளை அலை தாண்டி இறக்குவது நடக்கிற காரியமா? ஆங்கிலேயருக்கு அன்று வெற்றி தேவைப்படவில்லை. நின்ற இடத்தில் நிற்பதே போதுமாக இருந்தது. இழப்பில் இரண்டு மடங்குக்கு மேல் பிரெஞ்சுப் பக்கம் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் தீர்ப்புக்கு வலுவான ஆதாரம் அடுத்த மாதத்தில் இருக்கிறது. ஜூலை கடைசியில் பாகூர் அருகே ஹைதரைச் சந்தித்துவிட்டு, கப்பல்களைக் கடலூரில் செப்பனிட்டு, ஆகஸ்ட் தொடக்கத்தில் சுஃப்ரேன் மறுபடி கிளம்பினார். ஹியூஸ் அதற்குள் சென்னைக்குப் போயிருந்தார். நாகப்பட்டினத்துக் கடல் காலி. எந்தக் கோட்டைக்காக 178 பேரைக் கொடுத்தாரோ அந்தக் கோட்டையைத் தாண்டிச் சுஃப்ரேன் நேரே இலங்கைக்குப் போனார். ஆகஸ்ட் 25 வாக்கில் திருகோணமலையில் படையை இறக்கினார். ஆறே நாளில் இரண்டு கோட்டைகளும் விழுந்தன. ஹியூஸ் வந்து பார்த்தது செப்டம்பர் 2இல். திருகோணமலை மலை சூழ்ந்த ஆழ்துறை. அலை தாண்ட மசூலாப் படகு வேண்டாம், ஐப்பசியில் ஓட வேண்டாம். நாகப்பட்டினத்தைப் பிடித்தாலும் இரண்டு மாதத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டியிருக்கும் என்பதைச் சுஃப்ரேன் ஜூலை 6இல் கற்றுக்கொண்டார் என்றே நினைக்கிறேன். கடற்படைச் சரித்திரம் எழுதிய அமெரிக்கர் மஹான், துறைமுகம் இல்லாத கப்பற்படையின் தவிப்பை விளங்கிக்கொண்டவர் என்று சுஃப்ரேனைப் பாராட்டுகிறார். அந்தப் பாராட்டுக்கு முந்தைய பாடம் நாகப்பட்டினத்துத் தோல்வி.

எரித்துவிட்டுப் போவது வேறு, பிடிப்பது வேறு என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மன் கப்பல் எம்டன் சென்னைக்கு எதிரே நின்று நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளைப் பொழிந்து எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு அரைமணிக்குள் மறைந்தது. அதற்குக் கரையிறங்கும் நோக்கமே இல்லை. அலையும் மணல்திட்டும் அதற்குப் பொருட்டில்லை. பதினெட்டாம் நூற்றாண்டுக்காரர்களின் நோக்கம் வேறு. நெல்லும் வரியும் வேண்டும் என்றால் கரையில் கால் வைத்தாக வேண்டும், கால் வைத்தால் கரையில் இருப்பவர்களின் தயவு வேண்டும்.

அந்தக் கரையில் இருந்தவர்கள்தான் இந்தக் கதையில் குறைவாகப் பேசப்படுபவர்கள். மேலே சொன்ன போர்களுக்கு நமக்குக் கிடைக்கும் விவரத்தில் பெரும்பங்கு கப்பல் தலைவர்களின் குறிப்புகளிலிருந்தும் கம்பெனி ஆவணங்களிலிருந்தும் வருவது. டெல்டாவில் 1781 முதல் மைசூர்க் குதிரைகள் நடத்திய சூறையில் குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். தஞ்சைச் சீமையில் ஹைதர் கலகம் என்று பல தலைமுறை அந்தக் காலத்தைச் சொல்லிவந்தார்கள். பிரெஞ்சுக்காரரின் கூட்டாளிப் படையே நெல் விளையும் மண்ணைப் பாழாக்கியிருந்த நேரத்தில் அந்த நெல்லை நம்பித் துறைமுகம் பிடிக்க வந்தார் சுஃப்ரேன். கப்பல்தளத்திலிருந்து எழுதியவர்கள் கண்ணில் இந்த முரண் படவில்லை.

தமிழில் சாட்சி இல்லாமல் இல்லை. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை ஓடுகிறது. லபூர்தொனேயும் போஸ்கவனும் லாலியும் அதில் நம் மொழியில் நடமாடுகிறார்கள். சுஃப்ரேன் காலத்துக்குப் புதுச்சேரி நயினார் இரண்டாம் வீரா நாயக்கரின் நாட்குறிப்பு இருக்கிறது, 1778 முதல் 1792 வரை. ஒர்சே மா. கோபாலகிருஷ்ணன் பதிப்பித்து அது அச்சாகியே முப்பது ஆண்டுக்கு மேல் ஆகிறது. பிள்ளையைப் படித்த அளவுக்கு நாயக்கரை நம்மவர்கள் படிக்கவில்லை. காரைக்கால், நாகப்பட்டினம் கல்லூரிகளின் வரலாற்று மாணவர்களுக்கு ஆய்வேட்டுத் தலைப்பு கிடைக்கவில்லை என்ற குறையைக் கேட்டிருக்கிறேன். அந்த நாட்குறிப்பையும், மினாராவையும் சீனக் கோபுரத்தையும் குறித்த பழைய கடற்படங்களையும், மேட்டுக் குப்பத்துப் பெரியவர்களின் காற்றுக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து 1782 ஆனி மாதத்தை மறுபடி எழுதலாம். யாராவது எடுத்துக்கொள்ளுங்கள்.

காரைக்கால் அதற்குப் பிறகும் கைமாறியது. 1793இல் ஆங்கிலேயர் எடுத்தார்கள், 1817 ஜனவரி 14 அன்று திருப்பிக் கொடுத்தார்கள். கொடுக்கும்போது 1814ஆம் ஆண்டு பாரீஸ் உடன்படிக்கையின் 12ஆம் பிரிவு செல்லுபடியாயிற்று: பிரெஞ்சுக்காரர் இங்கே இனிக் கோட்டை கட்டக் கூடாது, ஊர்க்காவலுக்கு மேல் படை வைக்கக் கூடாது.